வாயசைக்கும் நிழல்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கிவிட்டு வாருங்கள். நடுவில் எழுந்து ஓடினால் எனக்குக் கோர்வை விட்டுப்போகும். இன்றைக்குச் சொல்லப் போவது இன்னும் வராத காலத்துக் கதை. அதில் ராஜாவும் இல்லை, ராட்சசனும் இல்லை. உயரமான ஒரு பெண் இருக்கிறாள், ஒரு பந்து இருக்கிறது, அந்தப் பெண்ணை முந்திக்கொண்டு நாலு வருடம் முன்னால் ஓடிவிட்ட அவளுடைய நிழல் இருக்கிறது. நல்ல கதை. அதற்கு நான் பொறுப்பு.

கோயம்புத்தூரில் ஒரு மகளிர் கல்லூரி. கூடைப்பந்து என்றால் அந்தக் கல்லூரிதான் என்று பெயர் வாங்கியிருந்தது. அணியில் இடம் கிடைத்த பெண்ணுக்குப் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் கல்லூரியே பார்த்துக்கொள்ளும். நன்றாக ஆடினால் ரயில்வேயோ வங்கியோ வந்து வேலைக்கு அழைத்துப் போகும். அதனால் ஒவ்வொரு கோடையிலும் எந்தெந்த ஊரிலிருந்தோ நெடுநெடுவென்று வளர்ந்த பிள்ளைகள், உட்கார்ந்தால் முழங்கால் முன்சீட்டில் இடிக்க இடிக்க, பேருந்தில் வந்து இறங்குவார்கள்.

அந்த வருடம் ஒரே ஓர் இடம்தான் மிச்சம். சென்டர் இடம். விளையாட்டு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: சென்டர் என்பவள் கூடைக்கு அடியில் நிற்கிறவள். எல்லோரும் வந்து மோதுவது அவள்மேல். வளையத்தில் பட்டுத் தெறிக்கிற பந்தை அத்தனை கைகளுக்கும் மேலே எட்டிப் பிடிக்க வேண்டியது அவள். மற்ற நான்கு பேரும் முன்னால் பார்த்துக்கொண்டு ஓடலாம். அவர்கள் முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டியவள் இவள் ஒருத்திதான்.

அந்த இடத்துக்கு ஆள் தேடும் பொறுப்பு பவளக்கொடிக்கு. ஒரு காலத்தில் அவளே அதே கல்லூரியின் சென்டர். இப்போது இடது முழங்காலில் எஃகு மூட்டு. படியேறும்போது பக்கவாட்டில் திரும்பித்தான் ஏறுவாள். பொறுப்பு என்று சொன்னேனே, அது பேருக்குத்தான். முடிவு சொல்வது வருநிழல்.

வருநிழல் என்பது ஓர் இயந்திரம். அது என்ன செய்யும் என்பதை, அதை ஓட்டுகிற நவநீதன் வராந்தாவில் ஒரு தாய்க்கும் மகளுக்கும் விளக்கிக்கொண்டிருந்தான். வருகிற பிள்ளைகளின் பேச்சைத் தேர்வாளர் கேட்கக் கூடாது என்பது விதி. ஆனால் கதவு ஒருக்களித்திருந்தது. பவளக்கொடி உள்ளே ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். காதை எங்கே கழற்றி வைப்பது?

"இது என்னது தம்பி, எக்ஸ்ரே மாரியா?" என்றாள் தாய்.

"எக்ஸ்ரே இன்னைக்கு இருக்கறதைக் காட்டுமுங்க. இது நாலு வருசம் கழிச்சு இருக்கப் போறதைக் காட்டும்."

"அப்ப சோசியக்காரன்னு சொல்லுங்க."

"அப்படியே வெச்சுக்கோங்க. உங்க பொண்ணு ஓடறது, தாவறது, எலும்பு, சதை, மூச்சு அத்தனையும் அளந்துக்கும். நீங்க அனுப்புன பழைய மேட்ச் படமெல்லாம் பாத்துக்கும். அப்புறம் நாலு வருசம் வளத்தி, ஒரு நிழலா ஹால் தரையில எறக்கி உடும். எங்க டீம் புள்ளைங்க நிழலும் கூட எறங்கும். எல்லாம் சேந்து ஒரு மேட்ச் ஆடும். முடிஞ்சதும் லைட் எரியும். பச்சைன்னா சீட் உண்டு. மஞ்சள், சிவப்புன்னா இல்லீங்க."

"நாலு வருசத்துல இவளுக்கு மாப்பிள்ள வந்துருப்பானான்னும் காட்டுமா?"

"யம்மா, சும்மா கெட," என்றது இளங்குரல்.

"ஒரே ஒரு விசயமுங்க," என்றான் நவநீதன். "உள்ள போனா பாப்பா வாயே தொறக்கக் கூடாது. ஒரு வார்த்தை பேசுனாலும் டெஸ்ட் செல்லாது. அங்க பேரும் கெடையாது. பதினொண்ணாம் நம்பர், அவ்வளவுதான். நீங்க இங்கயே உக்காந்துக்கோங்க."

"பேசக் கூடாதா?" தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தம்பி, இவ தூங்கும்போதே பேசுவா."

கதவு திறந்தது. நிலைப்படியில் இடிக்காமல் தலையைச் சாய்த்துக்கொண்டு உள்ளே வந்தாள் பதினொன்றாம் எண். வெயிலில் காய்ந்து வெளுத்த பின்னல், அகலமான தோள், பனை ஓலையை விரித்தது போன்ற உள்ளங்கை. பவளக்கொடியைப் பார்த்து வணக்கம் சொல்ல வாயெடுத்தவள், சட்டென்று உதட்டை மடித்துக்கொண்டு கையை மட்டும் குவித்தாள்.

பவளக்கொடி எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தவள். உயரம் வந்துவிட்டால் பலருக்கு இடுப்பு இறங்காது, கால் பின்னிக்கொள்ளும். இந்தப் பெண் அப்படியில்லை. பந்து வளையத்தில் படுவதற்கு முன்பே அது எங்கே தெறிக்கும் என்று தெரிந்தது போலக் கால் நகர்ந்து போய் நின்றது. தாவும்போது சத்தமில்லாமல் தாவினாள். இறங்கும்போது இரண்டு காலையும் மெத்தென்று ஊன்றினாள். அந்த இறக்கத்தைப் பார்த்ததும் பவளக்கொடியின் எஃகு மூட்டு பொறாமைப்பட்டது. எனக்கு இப்படி இறங்கத் தெரிந்திருந்தால் என் முழங்கால் எனக்கே இருந்திருக்குமே என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு கல்லூரிப் பிள்ளைகளோடு சேர்த்து ஆடவிட்டார்கள். அங்கேதான் ஏதோ இடறியது. ஆட்டம் ஊமை ஆட்டம். பதினொன்றின் தலை மட்டும் இடமும் வலமும் திரும்பிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நிற்பவளின் முதுகுப் பக்கமாக எதிராளி நழுவுவதை அவள் பார்த்துவிடுகிறாள், உடனே தொண்டை அசைகிறது, எச்சில் விழுங்குகிறாள். அந்த ஆள் போய்க் கூடையில் போட்டுவிடுகிறாள். மறுபடி பார்க்கிறாள், மறுபடி விழுங்குகிறாள். சாப்பாட்டுப் பந்தியில் வாயைக் கட்டி உட்கார வைத்த மாதிரி இருந்தது அவள் முகம்.

சோதனை முடிந்து அவளை வெளியே அனுப்பினார்கள். நவநீதன் விளக்குகளைக் குறைத்தான். நிழல் தரையில் இறங்கியது.

நிழல் என்றால் கறுப்பாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். வெளிச்சத்தால் ஆன ஆள் அது. இன்னும் கொஞ்சம் தோள் அகன்று, முகத்தில் குழந்தைத்தனம் வற்றி, இருபத்திரண்டு வயதுப் பெண்ணாக வந்து நின்றது. அழகாக ஆடியது. அதன் அணியோ தோற்றது. மஞ்சள் எரிந்தது.

"போச்சு," என்றான் நவநீதன். "தனியாப் பாத்தா நல்ல ஆளுதானுங்க மேடம். ஆனா கூட ஆடறவங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லைங்குது மெஷின். சென்டருக்கு அதுதானே முக்கியம்."

மஞ்சள் வந்தால் அதோடு கதை முடிந்தது. மேல் முறையீடு கிடையாது. வெளியே போய்த் தேநீர் குடித்தால் தேவலை என்று பவளக்கொடி எழுந்தாள்.

வராந்தாவின் கடைசியில் தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். தாய் டப்பாவைத் திறந்து சாப்பாடு எடுத்து வைக்க, மகள் இத்தனை நேரம் அடைத்து வைத்ததையெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே தரை கண்ணாடி மாதிரி இருந்தது, ஏழாம் நம்பர் அக்கா நல்லா ஓடுதா, ஆனா இடப்பக்கம் பாக்கவே மாட்டேங்கா என்று என்னென்னவோ. அந்தப் பேச்சை நிறுத்தாமலே நடுநடுவே, "யம்மா, பின்னால வாளி வருது, கால மடக்கு" என்றாள். தரை துடைக்கிறவள் வாளியோடு கடந்து போனாள். "டம்ளர் சாயுது, வலது கை." தாய் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி டம்ளரைப் பிடித்தாள். இருவருக்கும் அது மூச்சு விடுவது போல இருந்தது.

பவளக்கொடிக்குத் தேநீர் மறந்துபோனது. விதியும்தான்.

"உம்பேர் என்ன கண்ணு?"

பெண் எழுந்து நின்றாள். வாயைத் திறக்கவில்லை. தாய் சிரித்தாள்.

"வெளியே பேசலாம். சும்மா சொல்லு."

"ஜெனோவா, அக்கா."

"எங்க கத்துக்கிட்ட இப்படிப் பாக்காமயே பாக்கறதுக்கு?"

"பாத்துத்தான் சொல்லுதேன், அக்கா. அம்மைதான் பாக்கல." அவள் கொஞ்சம் யோசித்தாள். "எங்க கோர்ட்டுல அப்படித்தான் ஆடணும். தூத்துக்குடிப் பக்கம், உப்பளத்துக்கு ஓரமா இருக்கு. எல்லா ஊர்லயும் கோர்ட்டு வடக்க தெக்கத்தான் கெடக்கும். எங்க ஊர்ல கெழக்க மேக்காக் கெடக்கு. அந்தக் காலத்துல யாரோ கோடு போட்டவிய தப்பாப் போட்டுட்டாவ. சாயங்காலம் ஆட வந்தா, மேக்க பாத்து ஓடுதவளுக்குச் சூரியன் நேரே மூஞ்சில அடிக்கும். பத்தாததுக்கு உப்புக் குவியல் வேற பளபளன்னு. கண்ணே தெரியாது."

"அப்புறம் எப்படி ஆடுவீங்க?"

"வெயிலுக்கு முதுகு காட்டி நிக்குதவ சொல்லணும், அக்கா. அது எங்க ஊர் வழக்கம். அந்தப் பக்கத்துக் கூடைக்கு அடியில நிக்குதது நான்தானே. அதனால நான்தான் எல்லாருக்கும் கண்ணு. சொல்லாம நின்னேன்னு வைங்க, ஆட்டம் முடிஞ்சு எல்லாவளும் சேந்து சாத்திருவாளுவ." பிறகு குரல் தாழ்ந்தது. "இன்னைக்குச் சொல்ல விடலையே, அக்கா. எனக்கு இங்க கெடைக்குமா?"

தாய் சோற்று டப்பாவை மூடிவிட்டுப் பவளக்கொடியின் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையில் உப்பளத்து வெயில் முழுதும் இருந்தது. இது கிடைக்காவிட்டால் அடுத்த வாரமே மகளும் தன்னோடு உப்பு வார வந்துவிடுவாள் என்பது அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லவில்லை. "ஒரு வாய் சாப்பிடுதியளா?" என்றுதான் கேட்டாள்.

"ஜெனோவா, எங்கூட உள்ள வா," என்றாள் பவளக்கொடி.

நவநீதன் பதறிப்போனான். "மேடம், புள்ளைங்களுக்கு அவங்க நிழலைக் காட்டக் கூடாதுங்க. மொத வருசம் என்னாச்சுன்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். முதல் வருடம் ஒரு பெண் தன் நிழல் தோற்பதைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போனாள். அதன் பிறகு அவள் பந்தைத் தொடவே இல்லை. இன்னொருத்தி, தன் நிழல் ஜெயிப்பதைப் பார்த்துவிட்டுப் பயிற்சிக்கு வருவதை நிறுத்தினாள். எப்படியும் நடக்கத்தானே போகிறது என்றாளாம்.

"போடு, நவநீதா. நான் பாத்துக்கறேன்."

நிழல் மறுபடி இறங்கியது. ஜெனோவா தன்னையே பார்த்தாள். முதலில் தலைமுடியைத்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன். அந்த வயதில் எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். பவளக்கொடி இந்த முறை காலையும் கையையும் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தாள்.

நிழலின் வாய் அசைந்துகொண்டே இருந்தது.

"நவநீதா, அது என்ன வாய்?"

"மூஞ்சியும் உடம்புதானுங்களே மேடம். பழைய படத்துல எல்லாம் வாயசைச்சிருக்கு. அதையும் சேத்து வளத்திருச்சு. கணக்குல வராதுங்க. படத்துல நாமதான் சத்தத்தை எடுத்தர்றோமே."

"மத்த நிழலுக்கு அது கேக்குமா?"

"எப்படிங்க கேக்கும்? சத்தமே கெடையாதுங்களே."

ஜெனோவா தரையின் ஓரத்துக்குப் போய் நின்றாள். தன் உதட்டைத் தானே படிப்பதற்கு அவளுக்குப் பாடம் தேவைப்படவில்லை. நிழல் அசைத்ததையெல்லாம் அவள் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"பின்னால வாரா. பின்னால வாரா, இடப்பக்கம் போ… விடு, நான் நிக்கேன்… ஏட்டி, கேக்குதா? ஏட்டி…" நிறுத்தினாள். "யாருக்குமே கேக்கல, அக்கா. நாலு வருசமா கத்திட்டு நிக்கா. பாவமா இருக்கு."

தன்னைத்தான் பாவம் என்கிறோம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. அங்கே நிற்பது யாரோ ஓர் அக்கா, அவ்வளவுதான். பவளக்கொடிக்குக் கண் நிறைந்துவிட்டது. நிழலுக்காகவா, முன்னால் நிற்கிறவளுக்காகவா என்று கேட்டால் அவளாலும் சொல்லியிருக்க முடியாது.

"இங்கே என்ன நடக்குது?"

வாசலில் டைரக்டர் சுகுமாரன் நின்றார். கல்லூரியின் விளையாட்டுத் துறை முழுக்க அவர் கையில். வருநிழலை வாங்கி வைத்தவர் அவர். பேசக் கூடாது, பேர் கூடாது என்ற விதிகளை எழுதியவரும் அவர்தான். நறுக்கிப் பேசுவார், எந்த ஊர்க்காரர் என்று அவர் பேச்சை வைத்து யாராலும் சொல்ல முடிந்ததில்லை.

பவளக்கொடி நடந்ததைச் சொன்னாள். மறைக்கவில்லை. அவர் ஜெனோவாவை வெளியே அனுப்பிவிட்டு உட்கார்ந்தார்.

"பவளம், சத்தத்தை நான் ஏன் எடுத்தேன்னு தெரியுமா?"

"பேச்சை வெச்சு ஊரும் சாதியும் தெரிஞ்சுரும்னுங்க சார்."

"நான் காலேஜ் டீமுக்கு ஆடப் போனப்போ, நல்லாத்தான் ஆடினேன். மூணு வார்த்தை பேசினேன். ஒருத்தர் சிரிச்சார், இன்னொருத்தர் எந்தத் தெருன்னு கேட்டார். அடுத்த பஸ்ல வீட்டுக்கு வந்துட்டேன். என் கையில ஒரு அதிகாரம் வந்தா, யாருக்கும் அது நடக்கக் கூடாதுன்னு நினைச்சேன். அதான் காதை அடைச்சேன். தப்பா?"

"தப்பில்லைங்க சார். ஆனா ஒரு சென்டரோட பாதி வாயிலதாங்க இருக்குது. நானே ஒரு சென்டரா இருந்துட்டு இத்தனை வருசம் அதைக் கேக்காம உட்டுட்டேன். எனக்கு உயரத்தையும் முழங்காலையும்தான் பாக்கத் தெரிஞ்சுது."

"இவ ஒருத்திக்கு மட்டும் வாயைத் திறந்து விட்டா, முன்னால வந்த பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்லுவே?"

"பதில் இல்லீங்க. அவங்களையும் திரும்பக் கூப்பிடோணும். ஆனா அவங்களுக்குப் பதில் இல்லைங்கறதுக்காக, இவளையும் அந்தக் கூட்டத்துல சேக்கோணுமா?"

சுகுமாரன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நல்ல மனிதர், கண்ணுகளா. நல்ல மனிதர்களிடம் வாதாடுவதுதான் கஷ்டம்; அவர்கள் செய்த தப்பு நியாயத்தின் வேட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

"சரி," என்றார் கடைசியில். "பிள்ளைகளைக் கூப்பிடு. பேசி ஆடட்டும். நான் பாக்க மாட்டேன். பாத்தா உயரம் மயக்கும். நீ காதைப் பத்தித்தானே சொல்றே? நான் கண்ணை மூடிக் கேக்கறேன்."

கல்லூரிப் பிள்ளைகள் மறுபடி இறங்கினார்கள். அணித் தலைவி கோகிலவாணி, ஏழாம் எண், ஜெனோவாவை மேலும் கீழும் பார்த்தாள். "ஏனுங்க்கா, இப்பத்தானே ஆடுனோம். மறுபடியும் என்ன?"

"இப்ப இவ பேசுவா."

"பேசிட்டுப் போகட்டுமே. நாம என்ன கல்யாண வீட்டுலயா இருக்கறோம்?"

டைரக்டர் ஆடுகளத்துக்கு நேரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டார்.

முதல் சில நிமிடம் தடுமாற்றம்தான். ஜெனோவாவுக்கு அவர்கள் பேர் தெரியாது, அவர்களுக்கு இவள் பாஷை தெரியாது. "ஏ ஏழாம் நம்பரு அக்கா, முதுகுக்குப் பின்னால ஒருத்தி அடையுதா" என்றாள். கோகிலவாணி, "என்னது, அடையுதா? கோழியா?" என்று திரும்பிக் கேட்பதற்குள் எதிராளி கூடையில் போட்டுவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். ஜெனோவாவும் சிரித்தாள். பிறகு வார்த்தையைச் சின்னதாக்கினாள்.

"ஏழு, பின்னால. நாலு, நில்லு, அசையாத. உனக்கு நான் இருக்கேன். விடு, வரட்டும்."

வந்தவள் ஜெனோவாவின் அகன்ற கையில் முட்டித் திரும்பினாள்.

குரல் உயரவில்லை. கத்தல் இல்லை. தாய் டம்ளரைப் பிடிக்க வைத்த அதே குரல்தான். யார் எங்கே நழுவுகிறார்கள், யார் களைத்து நிற்கிறார்கள், எந்த மூலை காலி என்று, ஓடும் தண்ணீர் போல அது வந்துகொண்டே இருந்தது. கோகிலவாணி பின்னால் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டாள். அவள் கல்லூரிக்கு வந்ததிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தே ஆடுகிறவள். இப்போது முன்னால் மட்டும் பார்த்துக்கொண்டு பாய்ந்தாள். பயம் போன பிள்ளையின் ஓட்டமே வேறு. ஐந்து பேர் ஆடிய இடத்தில், ஐந்து விரல் உள்ள ஒரு கை ஆடத் தொடங்கியது.

பவளக்கொடி நடுவில் ஒரு தரம் டைரக்டரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் அவர் விரல் மெல்ல எழுந்து, இடது மூலையைச் சுட்டியது. "அங்கே ஒருத்தி காலியா நிக்கறா," என்றார் தனக்குத்தானே. அடுத்த நொடி பந்து அங்கேதான் போனது. அவருக்கு மூடிய இமைக்குள் ஆட்டம் முழுதும் தெரிந்துகொண்டிருந்தது.

விசில் ஒலித்தது. பிள்ளைகள் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினார்கள். டைரக்டர் இன்னும் கண்ணை மூடியபடியே கேட்டார்.

"எந்தப் பக்கம்ட்டி நீ?"

நவநீதன் நிமிர்ந்து பார்த்தான். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை அந்தக் கல்லூரியில் யாரும் கேட்டதில்லை.

"உப்பளத்துக் காலனி, சார்," என்றாள் ஜெனோவா. "துறைமுகத்துக்குப் போற ரோட்டுல."

"ரயில்வே கேட்டுக்குக் கெழக்கயா, மேக்கயா?"

"கெழக்க, சார்."

"கோர்ட்டு இன்னும் அப்படியேதான் கெடக்கா? கெழக்க மேக்கா?"

"ஆமா, சார். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் கண்ணைத் திறந்தார். "அந்தக் கோட்டப் போட்டவியள, ஊர்ல என்ன சொல்லுவாவ?"

"யாரோ வெவரம் இல்லாத சின்னப் பயலுவ சுண்ணாம்ப வச்சுப் போட்டதுன்னு சொல்லுவாவ, சார். சாயங்காலம் ஆனா நல்லா ஏசுவாவ."

சுகுமாரன் சிரித்தார். சிரித்து முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "நல்லா ஏசட்டும்," என்றார். "அந்த எடம் அப்படித்தான் நீளமாக் கெடந்துச்சு. வேற எப்படிப் போடுதது?"

அப்புறம் எழுந்து, பவளக்கொடியைத் தனியே அழைத்தார். பேச்சு மறுபடி நறுக்கென்று ஆகியிருந்தது.

"இனி இதுல நான் முடிவு சொல்லக் கூடாது. அவ என் ஊர். நான் எதுக்குப் பயந்தேனோ அது எனக்கே நடந்துடுச்சு. முதல் வார்த்தை கேட்டதுமே அவளை எனக்குப் பிடிச்சுப் போச்சு. அது ஆட்டத்துக்காகவா, ஊருக்காகவான்னு இப்ப என்னால பிரிச்சுச் சொல்ல முடியலை. நீ சொல்லு. நீ கோயம்புத்தூர்க்காரி. உனக்கு அவ பேசினதுல பாதிகூடப் புரிஞ்சிருக்காது."

"கால்வாசிதானுங்க சார் புரிஞ்சுது," என்றாள் பவளக்கொடி. திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தாள். "கோகிலா, நீ சொல்லு. எப்படி?"

கோகிலவாணி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "அவ என்ன சொன்னான்னு கேட்டாத் தெரியாதுங்க்கா. எங்க நிக்கோணும்னு மட்டும் தெரிஞ்சுது." பிறகு ஜெனோவாவிடம், "ஏய், நாளைக்கும் இருப்பியா? இல்ல ஊருக்குத் தாட்டி உட்டுருவாங்களா?"

ஜெனோவா பவளக்கொடியைப் பார்த்தாள்.

"இருப்பா," என்றாள் பவளக்கொடி. "நாலு வருசம் இருப்பா. போ கண்ணு, அம்மாகிட்டச் சொல்லு. அந்தச் சோத்துல எனக்கும் ஒரு வாய் வெச்சிருக்கச் சொல்லு."

வராந்தாவில் என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தாய் டப்பாவில் இருந்த சோற்றில் பாதியைப் பவளக்கொடிக்கு எடுத்து வைத்தாள் என்பது மட்டும் போதும்.

மஞ்சள் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நவநீதன் அதை அணைக்கப் போனான். "மேடம், சத்தத்தையும் சேத்து நிழல வளத்த முடியுமான்னு பாக்கறேன். கொஞ்ச நாள் ஆகும். முடிஞ்சா, மத்த நிழலுங்க திரும்பிப் பாக்குமுங்க."

"பாக்கட்டும். அதுக்கு முன்னால, போன வருச நிழலையெல்லாம் போடு. அதுக்கு முந்தின வருசத்தையும்."

"எல்லாத்தையுமா? மஞ்சள் மட்டுமே அத்தனை இருக்குதுங்களே."

"மஞ்சளைத்தான் போடு."

அவள் நாற்காலியில் உட்கார்ந்து, எஃகு மூட்டு உள்ள காலை நீட்டிக்கொண்டாள். ஒவ்வொன்றாக நிழல்கள் தரையில் இறங்கின. அவள் அனுப்பிவிட்ட பிள்ளைகள், ஆகாமல் போன இருபத்திரண்டு வயதில் வந்து நின்று ஆடினார்கள். கை, கால், உயரம் எதையும் அவள் பார்க்கவில்லை. பலருடைய வாய் மூடியிருந்தது. ஒருத்தியின் வாய் அசைந்தது. கூடைக்கு அடியில் நின்று, யாருக்கோ எதையோ விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"நிறுத்து. இந்தப் புள்ள பேரென்ன?"

"பேரு இல்லீங்க மேடம். டெஸ்ட் முடிஞ்சதும் பேரை அழிச்சர்றோம். நாலாம் நம்பர், அவ்வளவுதான்."

பவளக்கொடி எழுந்து, தன் காலை இழுத்துக்கொண்டு தரைக்குள் நடந்தாள். அந்த வெளிச்சப் பெண்ணுக்கு முன்னால், அவள் உதட்டுக்கு நேரே, காதைக் கொண்டுபோய் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் அவள் நகரவில்லை. "கேக்குது கண்ணு," என்றாள். "கொஞ்சம் இரு. தேடி வர்றேன்."

அப்புறம் அவள், அவர்கள் அனுப்பியிருந்த பழைய மேட்ச் படங்களை வைத்துக்கொண்டு, ஊர் ஊராகத் தேடிப் போனாள். யார் யாரைக் கண்டுபிடித்தாள் என்பது நீளமான கதை. சிலரைக் கண்டுபிடித்தாள், சிலரைக் கண்டுபிடிக்கவே இல்லை. இப்போதைக்கு இது போதும். பிள்ளைகளுக்குக் கண் செருகுகிறது.

எழுந்து போகும்போது இதையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டில், முதுகுக்குப் பின்னால் வருவதைப் பார்த்துச் சொல்ல எப்போதும் ஒரு குரல் இருக்கட்டும். அதைக் கேட்க உங்களுக்கெல்லாம் காது இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்த வாசலில் போய் நின்றாலும் சொந்தப் பேச்சோடு போய், சொந்தப் பேரோடு திரும்பி வரட்டும். உங்கள் வீட்டு நிலைப்படி அவர்கள் உயரத்துக்கு உயர்ந்துகொண்டே போகட்டும். நன்றாக இருங்கள், கண்ணுகளா.